பொதுக் கருவூலத்தில் குழந்தைகளின் பங்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் நம் ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு இச்சபையில் வாசிக்கப்பட்டது. ஒவ்வோர் இனத்தையும் கூர்ந்து கேட்டோம். ஐயம் எழுந்த இடங்களில் வினாத் தொடுத்தோம். விடை கிடைத்த பின்னரே ஒப்புதல் அளித்தோம். இது நம் முன்னோர் நமக்குக் கற்றுத் தந்த நல்ல மரபு. பொதுப்பணம் அமானிதம் என்ற உணர்வு இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவே சான்று.

ஆனால், இதனினும் பல்லாயிரம் மடங்கு பெரிய மற்றொரு பொதுக் கணக்கும் நமக்கு உண்டு. அது மத்திய, மாநில அரசுகளின் கணக்கு. நம் நகராட்சியின் கணக்கு. நாம் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் செல்போன் கட்டணத்திலும் வரி செலுத்தி அக்கருவூலத்தை நாமும் நிரப்புகிறோம். அதிலிருந்து நம் குழந்தைகளின் பெயரில் எவ்வளவு எழுதப்படுகிறது, எழுதப்பட்டதில் எவ்வளவு நம் தெருவுக்கு வந்து சேர்கிறது என்று நாம் கேட்பதுண்டா? அதைக் கேட்கும் பழக்கம் நம்மிடையே தோன்ற வேண்டும் என்பதை வலியுறுத்தவே இன்று பேச எழுந்துள்ளோம்.

கலீஃபா செவிமடுத்த அழுகுரல்

குழந்தைகளுக்காகப் பொதுக் கருவூலம் செலவிட வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்து நிகழ்ச்சியொன்றை நம் உலமாக்கள் மிம்பரில் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறோம். மதீனாவின் தொழுகைத் திடலில் வெளியூர் வணிகக் கூட்டமொன்று வந்து தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடன் அழைத்துக்கொண்டு, இரவு முழுவதும் அக்கூட்டத்திற்குக் கலீஃபா அவர்களே காவல் இருந்தார்கள். அப்போது ஒரு குழந்தை இடைவிடாது அழுதது. குழந்தையைக் கவனிக்குமாறு தாயிடம் இருமுறை சொல்லியும் அழுகை ஓயவில்லை. இறுதியில் காரணம் கேட்டபோது, பால்குடி மறக்கடிக்க முயல்வதாக அத்தாய் கூறினாள். இவ்வளவு சிறிய குழந்தைக்கு ஏன் இந்த அவசரம் என்று வினவினார்கள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் மானியம் வழங்குகிறார் என்று, கேட்பவர் யாரென்று அறியாமலேயே அவள் விடை சொன்னாள்.

அன்று காலை ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா அவர்கள் ஓதியது, அவர்களின் அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. தொழுகை முடிந்ததும் ஓர் அறிவிப்புச் செய்தார்கள்: குழந்தைகளின் பால்குடியை எவரும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே பைத்துல்மாலிலிருந்து மானியம் உண்டு. ஆட்சிக்குட்பட்ட எல்லாப் பகுதிகளுக்கும் இவ்வாணை எழுதி அனுப்பப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் சிந்திக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கலீஃபா அவர்கள் தம் கைப்பணத்தை அத்தாயிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பவில்லை, சட்டத்தையே மாற்றினார்கள். ஒரு தாயின் குறையைத் தருமம் தீர்த்துவிடும். எல்லாத் தாய்மார்களின் குறையையும் ஆணையும் நிதியுமே தீர்க்கும். இரண்டாவது, அக்குழந்தை ஊர்க் குழந்தையன்று, வழிப்போக்கர் குழந்தை. ஏழையா செல்வரா, உள்ளூரா வெளியூரா என்று பாராமல் பிறந்த குழந்தை என்ற ஒரே தகுதியில் அதற்குப் பங்கு எழுதப்பட்டது. மூன்றாவது, நல்லெண்ணத்தோடு வகுத்த விதியும் தவறான இடத்தில் கோடு கிழித்தால் குழந்தையின் வயிற்றில் அடிக்கும். ஆகவே, எவ்வளவு செலவிடுகிறோம் என்பதோடு எந்த வயதில் செலவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

இம்மூன்றாவது செய்தி நம் கடற்கரைக்கு இன்றும் பொருந்தும். அமைப்புசார்ந்த நிறுவனங்களில் பணிபுரியும் பெண்ணுக்கு 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 26 வார மகப்பேறு விடுப்பை ஊதியத்துடன் அளித்தது. மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கச் செல்லும் பெண்ணுக்கும், பனையோலை முடையும் பெண்ணுக்கும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அவ்விடுப்பு ஏது? தமிழ்நாட்டில் 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கப்பட்டு வந்த மகப்பேறு உதவி, 2006இல் 6 ஆயிரம் ரூபாயாகவும், பின்னர் 12 ஆயிரமாகவும் 18 ஆயிரமாகவும் உயர்ந்தது பெரும் ஆறுதலே. ஆயினும், உதவித்தொகை தீர்ந்ததும் தாய் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அருகில் குழந்தைக் காப்பகம் இல்லாவிடில், அங்கும் ஒரு குழந்தை உரிய காலத்திற்கு முன்னரே பால்குடி மறக்கடிக்கப்படுகிறது.

தமிழ்நாடு கண்ட பாதை

பொதுப்பணம் குழந்தைகளுக்குச் செலவிடப்பட்டால் என்ன விளையும் என்பதை அறிய நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1920ஆம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. ஆனால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என அன்றைய ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் அத்திட்டம் நின்றது. ஓரணாவுக்குக் கணக்குப் பார்த்ததன் விளைவாக, ஒரு நல்ல திட்டம் முப்பது ஆண்டுகள் பின்தங்கியது.

1956இல் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களைத் திரட்டினார். முதலில் அது ஊராரின் நன்கொடையாலேயே நடந்தது. அரிசியும் பருப்பும் காய்கறியும் வீடு வீடாகப் பெறப்பட்டன. ஆயின், அறுவடைக்காலத்தில் நிறைந்த பானை கோடையில் காலியாயிற்று. செல்வர் வாழும் ஊரில் பொங்கிய உலை வறண்ட ஊரில் எரியவில்லை. நன்கொடையை மட்டும் நம்பி நாள்தோறும் சோறிட இயலாது என்பதை உணர்ந்தே அரசு அச்செலவின் பெரும் பங்கைத் தானே ஏற்றது. நம் ஜமாஅத் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. தருமம் தொடங்கி வைத்தது, கருவூலம் நிலைநிறுத்தியது.

1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனால் பயன்பெற்றனர். இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா, தொழிற்சாலை கட்டலாமே என்று பொருளாதாரம் கற்றோர் பலர் அன்று எதிர்த்தனர். 1984இல் திட்டம் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. 1989இல் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி இரு வாரத்துக்கு ஒரு முட்டை எனத் தொடங்கியது, அடுத்தடுத்த ஆட்சிகளில் வளர்ந்து, பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை என்ற நிலையை எட்டியது. எந்த ஆட்சி வந்தபோதும் இத்திட்டம் நின்றதில்லை. நிறுத்த எவரும் துணிந்ததுமில்லை. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு ஆணையிட்டது. எதிர்க்கப்பட்ட திட்டம் இவ்வாறு நாட்டின் உரிமையாயிற்று.

பின்னர் 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள்; 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 பள்ளிகள்; 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியிலுள்ள 3,995 அரசு உதவிபெறும் பள்ளிகள்; 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புறங்களிலுள்ள 2,430 உதவிபெறும் பள்ளிகள். இக்கடைசி விரிவாக்கம் நம்மைப் போன்றோர்க்கு மிக முக்கியமானது. சிறுபான்மையினர் நடத்தும் தொடக்கப் பள்ளிகளில் பல உதவிபெறும் பள்ளிகள். அங்குப் பயிலும் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கும் காலைப் பசி ஒன்றே. ஆயினும், அரசுப் பள்ளிக்கு வந்த உணவு உதவிபெறும் நகரப் பள்ளிக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. கேட்போர் இருந்தமையால்தான் அதுவும் வந்தது.

விளைந்ததும் எஞ்சியிருப்பதும்

இத்தகைய செலவுகளின் பயனை எண்களில் காணலாம். தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தோர் 2005இல் 37 பேர். 2020இல் 13 பேர். இந்திய அளவில் அதே ஆண்டுகளில் இவ்வெண்கள் 58, 28. தடுப்பூசி, கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம், தாய்க்கு உதவித்தொகை, அங்கன்வாடிச் சத்துமாவு ஆகிய அனைத்தும் சேர்ந்து ஈட்டித் தந்த வெற்றி இது. நம் முன்னோர் தலைமுறைகளாக வணிகம் செய்த இலங்கையும் இதற்குச் சான்று. செல்வ நாடாக இல்லாதபோதே 1945 முதல் கல்வியை இலவசமாக்கி, மருத்துவத்தையும் மக்களுக்குக் கட்டணமின்றி அளித்தமையால், குழந்தை இறப்பு அங்கு ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே குறைந்தது.

ஆயினும், நிறைவடைய இடமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. 2015–16இல் இது 50.7 ஆக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சோறும் முட்டையும் கிடைக்கும் மாநிலத்தில், பள்ளி வயதை எட்டாத குழந்தையின் இரத்தம் வெளுத்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

மருத்துவ அறிஞர்கள் கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஆயிரம் நாள்களை மிக முக்கியமானவை என்பர். மூளையின் வளர்ச்சியும் உயரத்தின் அடித்தளமும் அந்நாள்களில்தான் பெரும்பாலும் அமைகின்றன. அப்போது தவறவிட்டதைப் பத்தாவது வயதில் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. தாய்ப்பாலை ஈராண்டு நிறைவு செய்வதைப் பற்றி நம் திருமறை பேசுவதையும், அக்காலத்தில் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தை பொறுப்பேற்க வேண்டுமென்று விதிப்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். ஆனால், நம் அரசுகளின் செலவு அக்குழந்தை பள்ளி வாசலை மிதித்த பின்னரே கனக்கிறது.

எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது?

இனிக் கணக்கிற்கு வருவோம். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு ஊட்டச்சத்துக்கென நாளொன்றுக்கு 8 ரூபாய் என மத்திய அரசு 2017இல் நிர்ணயித்தது. அதிலும் பாதி மாநிலத்தின் பங்கு. அதன்பின் பல ஆண்டுகள் விலைவாசி ஏறிய போதும் இத்தொகை ஏறவில்லை. பள்ளி மதிய உணவில், தானியம் நீங்கலாகப் பருப்பு, காய்கறி, எண்ணெய் முதலியவற்றுக்குத் தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு 2025 மே முதல் 6 ரூபாய் 78 காசு என வரையறுக்கப்பட்டது. நம் ஊர்த் தேநீர்க்கடையில் ஒரு குவளைத் தேநீரை இத்தொகைக்கு எவரும் தரமாட்டார். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முட்டை உண்கிறார்கள் என்றால், மாநில அரசு தன் நிதியிலிருந்து கூடுதலாகச் செலவிடுவதே காரணம்.

மத்திய அரசு 2008–09 முதல் தன் நிதிநிலை அறிக்கையில் குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனி அட்டவணையாக வெளியிட்டு வருகிறது. குழந்தைகளுக்கான 2016ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டம், மொத்தச் செலவில் குறைந்தது 5 விழுக்காடேனும் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றது. அண்மை ஆண்டுகளின் ஒதுக்கீடோ அதில் பாதியையும் எட்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயதுக்குட்பட்டோர். அவர்களுக்கு நூறு ரூபாயில் இரண்டு ரூபாயும் சில்லறையும்! வீட்டு வருமானத்தை இவ்வாறு பங்கிடும் வாப்பாவை நாம் என்ன சொல்வோம்?

ஒதுக்கிய நிதி சுருங்கியதையும் கண்டோம். சச்சார் குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 2008 முதல் சிறுபான்மைச் சமுதாயப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம் என்ற காரணத்தைக் கூறி, 2022–23 முதல் அது ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டுமே எனச் சுருக்கப்பட்டது. கட்டணம் இல்லாத பள்ளிக்கும் பையும் காலணியும் குறிப்பேடும் வேண்டுமே! ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் பெரிய தொகையன்று. வாப்பா இல்லாத வீட்டில் அது பெரிய தொகை.

செலவிட மறுத்த பணம் எங்கோ சேமிப்பாகக் கிடக்கிறது என்று எண்ணிவிடலாகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகினர். மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த நெருப்பு கூரைக்கீற்றில் பற்றியது. ஓட்டுக் கூரையும், தனிச் சமையற்கூடமும், இன்னுமொரு படிக்கட்டும் இருந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? அதன் பின்னர்தான் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. குழந்தைகளுக்கான செலவை முன்கூட்டியே செய்யாத சமுதாயம் அதைக் கண்ணீராகப் பின்னர்ச் செலுத்துகிறது.

நம் ஊரும் நம் கடமையும்

கீழக்கரை கொடைக்குப் பெயர்பெற்ற ஊர். பஞ்ச காலத்தில் பசித்தோர்க்கு உணவிட்டவர் எனப் போற்றப்படும் வள்ளல் சீதக்காதி வாழ்ந்த மண் இது. 1984இல் முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும், 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் இங்கு எழுந்தது நம் செல்வர்களின் கொடையாலன்றோ! ஆகவே, நம் பிள்ளைகளை நாமே பார்த்துக்கொள்வோம், அரசிடம் கையேந்துவானேன் என்று சிலர் வினவுகின்றனர். நல்லெண்ணத்தில் எழும் வினா. விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஸகாத்துக்கு மார்க்கம் எட்டு வகையினரை வரையறுத்துள்ளது. அங்கன்வாடிச் சுவருக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அதைச் செலவிட இடமில்லை என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. நன்கொடையோ சபுர் சென்றிருக்கும் நம் பிள்ளைகளின் வருமானத்தைப் பொறுத்தது. 2020இல் கொரோனா பரவியபோது வளைகுடாவில் வேலையிழந்து திரும்பியோர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். தேவை மிகுந்த அதே ஆண்டில் கொடுக்கும் கைகளும் தளர்ந்தன. பள்ளிகள் மூடப்பட்டிருந்த அக்காலத்திலும் சத்துணவுக்குரிய அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் வீடுகளுக்கு உலர்பொருள்களாக வழங்கப்பட்டமைக்கு, அது உரிமையாக எழுதப்பட்டிருந்ததே காரணம். மேலும், கல்லூரிக் கட்டடத்துக்குக் கொடையாளரின் பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. மூன்று வயதுக் குழந்தை நாள்தோறும் உண்ணும் முட்டைக்குக் கல்வெட்டு வைப்பாரில்லை. அப்பணிக்குக் கருவூலமே பொருத்தம். இதில் கையேந்துதல் எங்கே உள்ளது? நாம் செலுத்திய வரியில் நம் குழந்தையின் பங்கைக் கேட்கிறோம்.

இலவசங்கள் மக்களைச் சோம்பேறியாக்கும் என்பது மற்றொரு வாதம். உழைக்க வல்லவர் சோம்பியிருந்தால் கண்டிக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை என்ன உழைத்துச் சம்பாதிக்க வேண்டும்? திட்டங்களில் முறைகேடு நடக்கிறதே என்பாரும் உளர். நடக்கும் இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். அதற்காக உணவையே நிறுத்துவது, எலிக்குப் பயந்து நெல் விதைக்காதிருப்பதை ஒக்கும்.

உண்மையான குறை வேறொன்று. வசதியுடையோரின் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குச் சென்றுவிடுகின்றனர். குரல் உயர்த்திப் பேச வல்லோர் அங்கன்வாடி வாசலை மிதிப்பதில்லை. மிதிப்போருக்குக் குரல் இல்லை. நம் தெருவுக்குரிய பால்வாடி எது, அதற்குச் சொந்தக் கட்டடம் உண்டா, குடிநீர் வருகிறதா, கழிப்பறையில் தண்ணீர் உண்டா, எடைபார்க்கும் கருவி வேலை செய்கிறதா என்று இச்சபையில் எத்தனை பேர் சொல்ல இயலும்? இராமநாதபுரத்தை 2018இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே. 2022 ஜனவரியில் நம் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது நற்செய்தி. பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலையே குழந்தைக்கு வராதிருக்கச் செய்வது அதனினும் நற்செய்தி.

எனவே அரசுகளிடம் ஐந்து கோரிக்கைகளை இப்பொதுக்குழு தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டுகிறோம். ஒன்று: அங்கன்வாடி உணவுத்தொகையும் பள்ளி உணவுத்தொகையும் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பத் தாமாகவே உயர வழிசெய்தல். இரண்டு: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முன்னுரிமை அளித்து, தாய்மார் உழைக்கும் கடற்கரைப் பகுதிகளில் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களை அமைத்தல். மூன்று: ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் சொந்தக் கட்டடம், குடிநீர், கழிப்பறை, பாதுகாப்பான சமையலறை. நான்கு: முதல் வகுப்பு முதல் வழங்கப்பட்ட சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகையை மீண்டும் வழங்குதல். ஐந்து: மாவட்டந்தோறும், நகராட்சிதோறும் குழந்தைகளுக்கென ஒதுக்கியதும் செலவிட்டதும் எவ்வளவு என்பதைத் தமிழில் வெளியிடுதல்.

நம் ஜமாஅத் ஆற்ற வேண்டியவையும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை ஊரின் எல்லா அங்கன்வாடிகளையும் பார்வையிட்டு, கண்டதை எழுதி நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அளிக்க ஒரு குழுவை அமைப்போம்; அதில் சரிபாதி பெண்கள் இருக்கட்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அவ்விடங்களை வெறுமனே கையெழுத்திடும் இடங்களாக விட்டுவிடாமல் நம் தாய்மார் நிரப்பட்டும். குடற்புழு நீக்க மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் வழங்கும் நாள்களை ஜும்ஆவில் அறிவிப்போம். தடுப்பூசி அட்டையின் தேதிகளை மதரசாவில் பிள்ளைகளின் உம்மாமார்க்கு நினைவூட்டுவோம். அரசு செலவிட்டும் நாம் பெற்றுக்கொள்ளாவிடில் அச்செலவும் வீணே.

இவற்றை நம் ஜமாஅத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமென்று கேட்கலாகாது. மீனவக் குடியிருப்பின் குழந்தைக்கும், உப்பளத் தொழிலாளியின் குழந்தைக்கும், வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் குழந்தைக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். மதீனாவில் அன்று அழுத குழந்தையும் ஊர்விட்டு ஊர் வந்த குழந்தையே.

அன்புச் சகோதரர்களே! அடுத்த ஆண்டு இதே சபையில் நம் ஜமாஅத்தின் கணக்கு வாசிக்கப்படும்போது, நம் ஊர்க் குழந்தைகளுக்காக அரசு செலவிட்ட கணக்கும் ஒரு பக்கமாக இவ்வறிக்கையில் இடம்பெற வேண்டும். எத்தனை அங்கன்வாடிகள், எத்தனை குழந்தைகள், எடை குறைந்தோர் எத்தனை பேர், கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று அப்பக்கத்தில் எழுதப்படட்டும். நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே என்றும், நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பேசத் தெரியாத குழந்தைகளுக்காக நாம் பேசினோமா என்ற கேள்வியும் அவ்விசாரணையில் உண்டு.

வல்ல இறைவன் நம் குழந்தைகளுக்கு நிறைந்த உடல்நலத்தையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! அவர்களின் உரிமையைக் கேட்டுப் பெறும் துணிவையும், பெற்றதைப் பேணும் பொறுப்பையும் நமக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.